பங்களாவில் ஒடித்த கனகாம்பரம்

1

நான் திருடியாகி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற என் பிறந்த ஊரில் இந்தச் செய்தி என்னென்ன வேஷம் கட்டியிருக்கிறது என்பது போன வாரம் தங்கை எழுதிய கடிதத்தில்தான் தெரிந்தது. இங்கிருந்து லீவில் போன ஒரு புண்ணியவான் பரமத்தி வேலூரில் வெற்றிலை வாங்கப் போன இடத்தில், “கிராணி சம்சாரம் துரை பங்களாவுல கையை வெச்சுப்புடுச்சு” என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு நாமக்கல் பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் துரைசாணியின் முத்துமாலையாகிவிட்டது. எங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது அதனுடன் ஒரு தங்கக் கைக்கடிகாரமும் சேர்ந்திருந்ததாம். “அக்கா, கடியாரம் மட்டுமாவது நெசமா?” என்று கேட்டு எழுதியிருக்கிறாள் தங்கை. அந்தக் கேள்வியில் எனக்கு வருத்தம் தெரியவில்லை, ஆசைதான் தெரிந்தது.

ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். நான் திருடியது ஒரு சாண் நீளக் கனகாம்பரக் குச்சி.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலாய் நாட்டில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் பெரிய கிராணி, அதாவது ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. துரை என்பது தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரர். கல்யாணம் ஆன மறு வருஷமே என்னையும் கப்பலேற்றிக் கொண்டுவந்துவிட்டார். ஒரே மகள் ராஜி இங்கே பிறந்தவள், பதினொரு வயது. பக்கத்து டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அங்கே அவளை ரோஸி என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் ராஜி என்று கூப்பிட்டால் இரண்டாம் தடவைக்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள்.

அக்கரைச் சீமைக்கு வந்தவர்கள் எழுத உட்கார்ந்தால் ஊரை நினைத்து உருக வேண்டும் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வராது. ஊரில் இருந்த வரைக்கும் எனக்குக் கனகாம்பரத்தைக் கண்டாலே ஆகாது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற வழியில் கேட்பாரற்று நிற்கும். வாசனை கிடையாது. மல்லிகை கிடைக்காத நாளில் வேறு வழியில்லாமல் வைத்துக்கொள்வோம். அதன் அருமை இங்கே வந்துதான் தெரிந்தது. இந்த ஊர் மழையில் மல்லிகை மத்தியானத்துக்குள் பழுத்துப் போகிறது. கனகாம்பரம் மட்டும் இருந்தால் இரண்டு நாள் வாடாமல் தலையில் நிற்கும். அது இல்லாமல் தோட்டத்துப் பெண்கள் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கடையில் விற்கிற சாயக் காகிதத்தைக் கத்தரித்துப் பூவாகக் கட்டி வைத்துக்கொண்டோம். ஒரு தைப்பொங்கலன்று கோயிலில் மழை பிடித்துக்கொண்டது. பொங்கல் வைக்க வந்த அத்தனை பேருக்கும் பிடரியிலிருந்து முதுகு வரை சிவப்புச் சாயம் ஒழுகியது. மருந்து கட்டுகிற டிரஸர் ஓடிவந்து, யாருக்கு அடிபட்டது என்று கேட்டார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், கனகாம்பரம் வைக்காமல் விடுவதில்லை என்று.

2

முதலில் நேர்வழியில்தான் போனேன். அதையும் எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த எடுப்பிலேயே திருடப் போனாள் என்பீர்கள்.

தங்கைக்கு எழுதி விதை கேட்டேன். அவள் காய்ந்த கதிர்களாகப் பறித்துக் கடித உறைக்குள் வைத்து அனுப்பினாள். கனகாம்பரக் கதிர் காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், பட்பட்டென்று வெடித்து விதையை வீசி எறியும். ஊரில் அது குழந்தைகளுக்கு விளையாட்டு. இங்கே தபாலாபீசில் மழை ஒழுகி அந்த உறை நனைந்திருக்கிறது. உள்ளேயிருந்து சத்தம் வந்ததும் தபால்காரர்கள் வெளியே ஓடிவிட்டார்களாம். எங்களுக்குக் கடிதம் வரவில்லை, நிரப்பி அனுப்பச் சொல்லி ஒரு பாரம் வந்தது. உள்ளே இருப்பது உணவா, மருந்தா, வெடிபொருளா என்று கேட்டு மூன்று கட்டம் போட்டிருந்தது. பூ என்பதற்குக் கட்டம் இல்லை. என் வீட்டுக்காரர் யோசித்து யோசித்து மருந்து என்று நிரப்பினார். என்ன வியாதிக்கு என்று கேட்டு இரண்டாவது பாரம் வந்தது. கடைசியில் கையில் கிடைத்தது ஓட்டை உறையும் உமியும்தான்.

அடுத்து, டவுன் ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் வீட்டு அம்மாள் நல்ல மனசோடு இரண்டு குச்சியை ஒடித்து, “இந்தாருங்கோ” என்று என் கையிலேயே கொடுத்தார். வாங்கும்போதே எனக்குத் தெரியும், இது உருப்படாது என்று. பத்தே நாளில் இரண்டும் அழுகின.

ஏன் தெரியும் என்றால், எங்கள் பக்கத்தில் கேட்டு வாங்கின குச்சி பிழைக்காது. கையில் கொடுத்துவிட்டால் போச்சு. கேட்காமல் ஒடிக்க வேண்டும், ஒடித்தபின் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். செடிக்காரி பார்த்துவிட்டாலும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவாள். மறுநாள் காலையில் வாசலில் நின்று, “எந்த மகராசி என்ற செடியில கையை வெச்சாளோ, அவ கை வெளங்காமப் போக!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி வைவாள். வைதால்தான் வேர் பிடிக்கும். எடுத்தவள், வைதவள் இரண்டு பேரும் அன்று மத்தியானமே ஒன்றாக உட்கார்ந்து பருத்தி எடுப்பார்கள். இதில் திருட்டு என்ற பேச்சே கிடையாது.

எங்கள் தோட்டத்தில் கனகாம்பரம் ஒரே இடத்தில்தான் இருந்தது. துரை பங்களாவின் முகப்பில், துரைசாணி இலங்கையிலிருந்து தொட்டியில் வைத்துக் கொண்டுவந்த செடி.

3

காலை ஒன்பது மணி. துரை ரப்பர்ப் பால்மரக் காட்டுக்குப் போயிருந்தார். நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பங்களா வேலியோரமாகப் போனேன். பூ வைத்த கிளையை ஒடிக்கக் கூடாது, முற்றியும் முற்றாமலும் இருக்கிற கிளையில் கணுவுக்குக் கீழே கிள்ள வேண்டும். கிள்ளி மடியில் வைத்தேன், திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னாலே “ஏய், யாரது!” என்று சத்தம் கேட்டதும் நடை ஓட்டமாகிவிட்டது. ஓடும்போதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து மேலே இரண்டு இலையை விட்டு மிச்சத்தைக் கிள்ளிப்போட்டேன். சமையல்கட்டுக்குப் பின்னால் வாழைக்கும் சுவருக்கும் நடுவே, வெயில் பாதியும் நிழல் பாதியுமாக விழுகிற இடத்தில், மணலும் சாம்பலும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு கட்டி வைத்திருந்தேன். இந்த மேடுதான் முக்கியம். நம் பக்கத்து வறண்ட பூமியில் கனகாம்பரத்துக்குத் தண்ணீர் விட மறந்தால்தான் கஷ்டம். இங்கே வானமே விடாமல் ஊற்றுகிறது, வேரில் தண்ணீர் நின்றால் ஒரே வாரத்தில் செடி தொங்கிவிடும். குச்சியைச் சற்றுச் சாய்வாக ஊன்றி, மேலே ஒரு பழைய முறத்தைக் குடையாகக் கட்டினேன்.

மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, ஒடம்புக்கு என்னுங்க?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்லே. இன்னைக்கு ஒரு களவு ரிப்போட்டு அடிச்சேன். பங்களாவுல பூச்செடியை எவளோ ஒடிச்சுட்டு ஓடிட்டாளாம்.”

தோட்டத்தில் எது நடந்தாலும் இங்கிலீஷில் டைப் அடித்துத் துரைக்கு வைப்பது அவர் வேலை. பங்களா காவல்காரர் கெங்கவல்லிப் பக்கத்து ஆள், நம் ஜில்லாக்காரர்தான். அவர் வந்து நின்று சொல்லச் சொல்ல இவர் அடித்திருக்கிறார்.

“என்ன சொன்னாரு?” என்றேன்.

“‘மூஞ்சியைப் பாக்கலைங்க ஐயா, ஒரு பொம்பளை, நடுவயசு, தடிச்ச ஒடம்பு’ன்னான். அப்படியே அடிச்சேன்.”

எனக்கு வந்ததே கோபம்! “நடுவயசா? எனக்கு இன்னும் முப்பதே முடியலீங்க. தடிச்ச ஒடம்புன்னு நீங்க எப்படி அடிக்கலாம்?”

அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். எழுந்து போய்ப் பின்கட்டில் முறத்தைத் தூக்கிப் பார்த்தார். திரும்பி வந்து, “அடி பாவி, என்ற கையாலயே என்ற பொண்டாட்டி மேல ரிப்போட்டு அடிச்சிருக்கறனா?” என்றார். பிறகு, பதினைந்து வருஷ சர்வீஸில் இப்படி ஒரு பிழையில்லாத ரிப்போர்ட்டைத் தான் அடித்ததே இல்லை என்றும், துரை அதைப் பாராட்டினார் என்றும் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

நம் ஊர்ச் செடிக்காரிக்கு வையத் தெரியும். துரைசாணிக்கு அந்த முறை தெரியவில்லை, புகார் எழுதத்தான் தெரிந்தது. அன்று சாயங்காலமே உத்தரவு வந்துவிட்டது. செடியை ஒடித்தவர் யாரென்று தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கு உடனே வேலை நீக்கம், வீட்டை இருபத்துநாலு மணி நேரத்தில் காலி செய்ய வேண்டும். அதைத் தமிழாக்கி, காலையில் வேலையாட்களைப் பெயர் கூப்பிடுகிற திடலில் ஒட்டியவரும் என் வீட்டுக்காரர்தான். சில வருஷம் முன்பு ரப்பர் விலை விழுந்தபோது எத்தனை குடும்பங்கள் மூட்டையோடு கப்பலேறின என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். ஊரில் எங்களுக்கு இருப்பது பங்காளிகள் ஏற்கெனவே உழுதுகொண்டிருக்கிற ஒரு துண்டு வானம் பார்த்த மேட்டாங்காடு. விளையாட்டாகச் செய்த காரியம் சோற்றில் மண் விழுகிற இடத்துக்கு வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

4

அன்றிலிருந்து பத்து நாள் தினமும், “பிடுங்கிப் போடு” என்றார். பதினோராம் நாள் நான், “நீங்களே பிடுங்குங்க” என்றேன். அவர் போய்க் குனிந்தார். கணுவில் மிளகு அளவுக்கு ஒரு துளிர் விட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, “பூக்கறதுக்கு எத்தனை நாளாகும்?” என்றார். நாலு மாசம் என்றேன். “அப்ப நாலு மாசம் வேலை இருக்குது” என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

அதுதான் விஷயம். பச்சையாக நிற்கிறவரை அது ஏதோ ஒரு செடி. பூத்துவிட்டால், தோட்டத்திலேயே பங்களாவில் மட்டும் இருக்கிற அந்தச் செங்காவி நிறம் எங்கள் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். ஊரிலே பூக்கவில்லையே என்று கவலைப்படுவார்கள். உலகத்திலேயே ஐயோ பூத்துவிடுமே என்று கவலைப்பட்டுச் செடி வளர்த்தவள் நான்தான்.

அதற்காக வளர்ப்பில் குறை வைக்கவில்லை. தினமும் கையால் தெளித்தேன், ஊற்றவில்லை. மாதத்துக்கு ஒருமுறை மண்ணைக் கிளறி மக்கின எரு கொஞ்சம். நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டதில் பக்கமெல்லாம் கிளைத்து இடுப்பளவுக்குப் புதராக நின்றது. நாலாம் மாதம் கதிர் கதிராகக் கிளம்பியது. பூத்து முடிந்த கதிரை உடனே கிள்ளிவிட்டால் அது வருஷம் முழுக்க விடாமல் பூக்கும். நான் பழக்கதோஷத்தில் கிள்ளிவிட்டேன். அது விடாமல் பூத்தது.

விடிகிற நேரத்தில், ஆட்கள் திடலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பூ விடாமல் பறித்துவிடுவேன். நெருக்கமாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு சமையல் செய்வேன். வாசலில் யாராவது செருமினால் பூவை உருவி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு வெறுந்தலையோடு போய், “வாங்க, வாங்க” என்பேன். இதற்காகவா அந்த ஓட்டம் ஓடினேன்? இதில் இன்னொரு கூத்து, லயத்தில், அதாவது வேலையாட்களின் வரிசை வீடுகளில் இருக்கிற எல்லோருக்கும் விஷயம் தெரியும். துரைக்கு மட்டும்தான் தெரியாது. துரைக்குத் தெரிவிக்க வேண்டியவர் பெரிய கிராணி.

ஒருநாள் ராஜியைக் கூப்பிட்டு, “வா சாமி, சடையில ஒரு துண்டு வெச்சு விடறேன்” என்றேன். விலகி நின்றாள்.

“எனக்கு வேண்டாம். அது திருடின பூ.”

“திருட்டு இல்லே கண்ணு. நம்ம பக்கத்துல அதுதான் மொறை.”

“சிஸ்டர் சொன்னாங்க, கேட்காம எடுத்தா அதுதான் திருட்டு. யாராவது என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.”

மூன்று வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் நல்லொழுக்கத்துக்குப் பரிசு வாங்குகிறவள் அவள். பரிசுப் புத்தகம் மூன்றையும் நான்தான் துடைத்துத் துடைத்து அலமாரியில் வைத்தேன். இப்போது அந்த நல்லொழுக்கமே எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது. நான் எது சொன்னாலும் அவளுக்கு அது பட்டிக்காட்டுப் பேச்சு. தமிழில் நான் நாலு வார்த்தை கேட்டால் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பதில். மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், பெற்ற பிள்ளையைப் பார்த்து அந்த மாதங்களில் பயந்தேன்.

5

வருஷத்துக்கு ஒருமுறை துரைசாணி வீடு வீடாக வந்து துப்புரவு பார்ப்பார். கூடவே என் வீட்டுக்காரர் நோட்டும் பென்சிலுமாகப் போவார். வழக்கமாக வாசலோடு போய்விடுவார்கள் என்று நம்பியிருந்தோம். இந்தத் தடவை சாக்கடை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்று துரைசாணி நேரே பின்கட்டுக்கு வந்துவிட்டார். அன்று காலையில் நான் பறித்ததில், வாழை இலைக்குப் பின்னால் ஒரு கதிர் தப்பியிருந்தது.

துரைசாணி நின்றார். குடை நுனியால் கதிரைத் தொட்டார். என் வீட்டுக்காரரைப் பார்த்து ஏதோ கேட்டார். பதினைந்து வருஷமாக இங்கிலீஷில் சம்பாதித்தவருக்கு அந்த நேரம் வாயிலிருந்து ஒரு எழுத்து வரவில்லை. பென்சில் கீழே விழுந்தது. துரைசாணி என்னைப் பார்த்துக் கேட்டார். நான் கும்பிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் லீவு. ராஜி உள்ளேயிருந்து வந்து எங்களுக்கு முன்னால் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி இங்கிலீஷில் ஆரம்பித்தாள். எனக்குப் புரியவில்லை, ஆனால் கையைப் பார்த்தேன். கிள்ளிக் காட்டினாள். சேலை சுற்றி முக்காடு போடுகிற மாதிரி காட்டினாள். ஓடிக் காட்டினாள். சரி, எல்லாம் முடிந்தது, என்னை அப்படியே நடித்துக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். பாத்திரங்களை எந்தப் பெட்டியில் கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

துரைசாணி சிரித்தார்! குனிந்து ராஜியின் கன்னத்தைத் தட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, பிள்ளையை ஒழுங்காக வளர்க்கத் தெரியாதவளைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி விரலை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

“என்னுங்க சொன்னா?” என்று வீட்டுக்காரரை உலுக்கினேன்.

“தான்தான் ஒடிச்சேன்னு சொல்லிட்டா” என்றார். “உன்ற சேலையைச் சுத்திட்டு வெளையாடப் போனாளாம், பூ அழகா இருந்துச்சாம், ஒடிச்சாளாம். காவல்காரர் சத்தம் போட்டதும் பயந்து ஓடி வந்துட்டாளாம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒண்ணும் தெரியாதாம். கொழந்தையைப் பாத்து நடுவயசுன்னு சொல்லிட்டானேன்னுதான் தொரைசாணி சிரிச்சாங்க.”

நான் ராஜியைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினேன். மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். “நான் பொய் சொல்லிட்டேன்மா” என்றாள் தமிழில். கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

6

வேலை நிலைத்தது. ஆனால் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே! துரைசாணி சிஸ்டருக்குக் கடிதம் எழுதினார், சிஸ்டர் தண்டனை கொடுத்தார். “நான் இனிமேல் திருட மாட்டேன்” என்று இங்கிலீஷில் நூறு தடவை எழுத வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பது எழுதினதும் கை வலிக்கிறது என்று உதறினாள். பேனாவை வாங்கிக்கொண்டேன். எனக்கு அந்த எழுத்து ஒன்றும் தெரியாது. மேலே இருக்கிற வரியைப் பார்த்து, கோலம் போடுகிற மாதிரி வளைவுக்கு வளைவு, புள்ளிக்குப் புள்ளி இழுத்தேன். ராஜி, “இந்த எழுத்துக்கு வாலு கீழே வரணும்மா” என்று சொல்லிக்கொடுத்தாள். மிச்சம் ஐம்பதையும் நான்தான் எழுதினேன்.

மறுநாள் சிஸ்டர் தாளின் அடியில் சிவப்பு மையால் ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார். ராஜி வாசித்துச் சொன்னாள். முதல் பாதியில் அலட்சியம் தெரிகிறதாம், இரண்டாம் பாதியில்தான் மனப்பூர்வமாக வருந்தியிருக்கிறாளாம். அவளும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு வருஷ முடிவு வரைக்கும்தான். பரிசளிப்புக்கு நாங்களும் போயிருந்தோம். நல்லொழுக்கப் பரிசுக்கு வேறொரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்து நடத்தைப் புத்தகத்தில் ராஜியின் பெயருக்கு எதிரே திருட்டு என்று எழுதியிருக்கிறதாம், அது அழியாதாம். ராஜி முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டினாள். பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, “பசிக்குதும்மா” என்றாள்.

உண்மையை இங்கே தெரிய வேண்டியவர்கள் யாரிடமும் நான் சொல்ல முடியாது. சொன்னால் வேலையும் போகும், அந்தக் குழந்தை சொன்ன பொய்யும் வீணாகும். ஆகையால் துரைசாணிக்கும் சிஸ்டருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்களிடம் சொல்கிறேன். குச்சியை ஒடித்தது நான். என் மகள் ராஜி இதுவரைக்கும் எதையும் திருடியதில்லை.